மந்து மண்டலமான கதை

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றும் கல்லூரியில் முதலாண்டு மாணவர்க்கு அகமதிப்பீட்டுத் தேர்வு ஒன்று நடத்தினோம். 'பிரித்தெழுதுக' என்ற பகுதியில் ஊர்ப்பெயர்கள் ஐந்து. அவற்றுள் ஒன்று உதகமண்டலம். உதகம் + மண்டலம் என்று எழுதியவர்க்கெல்லாம் முழு மதிப்பெண் வழங்கினோம். ஒருவன் மட்டும் 'ஒத்தக்கல் + மந்து' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்துச் சுழியம் இட்டோம்.

விடைத்தாள் கொடுத்த அன்று அவன் மேசையருகே வந்து நின்றான். மலையிலிருந்து இறங்கிவந்து விடுதியில் தங்கிப் படித்த படகர் வீட்டுப் பிள்ளை. "ஐயா, எங்க ஊர்ப் பெரியவங்க அப்படித்தாங்க சொல்வாங்க. அங்க இருந்தது மந்துங்க. மண்டலம்னு ஒண்ணும் இல்லீங்க" என்றான். "புத்தகத்தில் இருப்பதை எழுது தம்பி" என்று அனுப்பிவிட்டோம். அவனும் மறுபேச்சின்றிப் போய்விட்டான்.

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் மூத்த அறிஞர் ஒருவர், 'ஊட்டி' என்னும் அடிமைப் பெயரைத் துடைத்தெறிந்து 'உதகை' என்னும் செந்தமிழ்ப் பெயரை நாம் மீட்டுக்கொண்ட வரலாற்றை உணர்ச்சி பொங்க எடுத்துரைத்தார். அவை கைதட்டியது. தட்டிய கைகளுள் நம்முடையவையும் உண்டு. தட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சுழியம் நினைவுக்கு வந்தது. இக்கட்டுரைக்கு அதுவே காரணம்.

நாம் சொல்ல வருவது இதுதான்: உதகமண்டலம் மீட்கப்பட்ட பெயர் அன்று. வெள்ளையர் வாயில் சிதைந்தபோதும் ஓர் ஓரத்தில் உயிரோடிருந்த மலைமக்களின் சொல்லை, விடுதலைக்குப் பின் நம்மவர்கள் முற்றாகக் கொன்ற இடம் அது. கொன்றதைத் தமிழ்த்தொண்டு என்று வேறு எழுதி வைத்திருக்கிறோம்.

முதலில் சான்றுகளைப் பார்ப்போம். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் அம்மலைமேல் ஏறினார். இரண்டே ஆண்டுகளில், 1821 மார்ச்சில் எழுதப்பட்டுச் சென்னை கெஜட்டில் வெளிவந்த ஒரு கடிதத்தில் அவ்வூரின் பெயர் 'வோட்டோக்கிமந்து' என்பதுபோல் ஒலிக்கும் எழுத்துகளில் பதிவாயிற்று. அதுவே பின்னர் 'ஊட்டக்கமண்ட்' ஆகி, 'ஊட்டி' என்று குறுகியது. பெயரின் முற்பகுதி குறித்து அறிஞரிடையே பல கருத்துகள் உண்டு. ஒற்றைக் கல் என்பார் உளர். வேறு சொல்வாரும் உளர். பிற்பகுதியில் ஐயத்துக்கே இடமில்லை. அது மந்து. தொதவரின் குடியிருப்புக்கு நீலமலையில் வழங்கும் பெயர். அரைவட்டமாக வளைந்த கூரையுடைய சில வீடுகள், எருமைத் தொழுவம், கோயிலாகவே போற்றப்படும் பால்மனை இவை கூடிய இடம் மந்து.

ஆங்கிலேயன் அதைத் தவறாக ஒலித்தான், 'மண்ட்' என்றான். ஆனால் நீக்கவில்லை. நம்மவர் என்ன செய்தனர்? 'மண்ட்' என்பதைக் கேட்டதும் 'மண்டலம்' நினைவுக்கு வந்தது; 'ஊட்டக்க' என்பதைக் கேட்டதும் 'உதகம்' நினைவுக்கு வந்தது. நீர் சூழ்ந்த வட்டம் என்று பொருளும் சொல்லியாயிற்று. அந்த ஊரின் ஏரியே சல்லிவன் காலத்தில் வெட்டப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கவும் எவருக்கும் நேரமில்லை. ஆங்கிலத்தை விரட்டப் புறப்பட்டவர்கள் அமர்த்திவைத்தது தமிழையா என்றால் அதுவும் இல்லை. உதகமும் வடசொல், மண்டலமும் வடசொல்.

இதில் உள்ள கசப்பான வேடிக்கையைத் தமிழ் படித்தோர் கவனிக்க வேண்டும். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, தொதவரின் இச்சொல்லை நம்முடைய மன்று, மன்றம், மந்தை ஆகிய சொற்களோடு ஒரே வேரில் வைக்கிறது. ஊரார் கூடும் மன்றமும் எருமைகள் கூடும் மந்தும் உடன்பிறந்தவை. சங்கப் பாடல்களில் மன்றத்தைக் கண்டால் மெய்சிலிர்க்கும் நாம், அதன் உடன்பிறப்பை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டு, உறவே இல்லாத மண்டலத்துக்குப் பட்டம் கட்டியிருக்கிறோம்.

'உதகை' இன்னும் நுட்பமான ஏமாற்று. கோயம்புத்தூர் கோவை ஆனதும், திருநெல்வேலி நெல்லை ஆனதும் மரூஉ. மரூஉவை நன்னூலார் இயல்பு வழக்கில் வைத்தார். அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் மக்கள் நாவில் நெடுங்காலம் புழங்கித் தேய்வதே மரூஉ. போலிப் பெயர் ஒன்றைக் கட்டி, அதன்மேல் மரூஉ என்னும் பழமைச் சாயத்தையும் பூசினால், அடுத்த தலைமுறை அதைச் சங்க காலத்து ஊர் என்றே நம்பும். ஏற்கெனவே நம்பத் தொடங்கிவிட்டது.

இது ஓர் ஊரின் விபத்து என்றால் விட்டுவிடலாம். அருகிலேயே கோத்தகிரி இருக்கிறது. கொல்லர், குயவர், தச்சர், இசைக்கலைஞர் என அம்மலையின் கைத்தொழில் அனைத்தையும் தாங்கிய கோத்தரின் தெரு என்னும் பொருளில் 'கோத்தகேரி' என்று வழங்கிய பெயர் அது என்பது பழைய மாவட்டக் குறிப்புகளிலேயே உண்டு. கேரி என்பது நம் சேரியின் உறவுச் சொல். அந்தக் ககரமே தமிழில் சகரமாயிற்று. அந்தக் கேரி 'கிரி' ஆயிற்று. தெரு மலையாகிவிட்டது. தெருவென்றால் அதில் மனிதர் வாழ்ந்திருக்க வேண்டும். மலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மந்து மண்டலமானதும், கேரி கிரியானதும் ஒரே வகைப் பிழை. இரண்டிலும் குடியிருப்பைக் குறித்த சொல் அழிந்து, நிலவியலைக் குறிக்கும் அழகிய வடசொல் வந்து அமர்ந்திருக்கிறது. ஆளற்ற இடத்துக்கு வைத்தாற்போன்ற பெயர்கள்.

மலையின் பொதுப்பெயருக்கே வருவோம். நீலகிரி என்னும் பெயர் பழையதே. சிலப்பதிகாரத்தில், வடதிசை செல்லும் செங்குட்டுவன் பாடியிறங்கும் இடமாக அப்பெயர் வருகிறது. எனினும் நீலம் எந்த இடத்திலிருந்து தெரியும் நிறம் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். தெற்கே பவானிச் சமவெளியில் நிற்பவனுக்கும், வடக்கே மோயாற்றுப் பள்ளத்துக்கு அப்பால் மைசூர் மேட்டில் நிற்பவனுக்கும்தான் மலை நீலம். ஏறிப்போனால் அது பச்சை. கோடையில் புல் காய்ந்தால் பழுப்பு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியால் வந்த பெயர் என்பாரும் உண்டு. கடைசியாக 2018இல் பரவலாகப் பூத்தபோது அதையே எல்லா இதழ்களும் எழுதின. எவ்வாறாயினும் நீலகிரி தூரத்தில் நிற்பவன் இட்ட பெயர். உள்ளே வாழ்பவன் இட்டதன்று.

1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசனின் வெற்றிகளைப் பாடுகிறது. தொதவரை அச்சுறுத்தியதும் நீலமலையைக் கைக்கொண்டதும் அதில் பெருமையாகச் சொல்லப்படுகின்றன. எழுத்தில் தொதவர் நுழையும்போதே அஞ்சி நடுங்குபவராகத்தான் நுழைகிறார்கள். மலையும் வென்றவனின் பொருளாகத்தான் நுழைகிறது. இதற்கு மாறான ஒரு பதிவும் உண்டு. 1603இல் மலையாளக் கரையிலிருந்து ஏறிய ஃபெனிசியோ என்னும் ஏசு சபைப் பாதிரியார், அம்மலையைத் 'தொதமலை' என்று பொருள்படும் பெயராலேயே குறித்தார். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட தொதவர் பற்றிய பெருநூலின் பின்னிணைப்பில் அக்குறிப்பு உள்ளது. மேற்குக் கரையார்க்கு நானூறு ஆண்டுகளுக்கு முன் அது நிறத்தால் பெயர்பெற்ற மலையன்று. மக்களால் பெயர்பெற்ற மலை. அந்தப் பெயர் எங்கே போயிற்று என்று நம் வரலாற்று நூல்கள் கேட்பதில்லை.

வெள்ளையர் குற்றமற்றவர் என்று நாம் வாதிடுவதாக எவரும் கருத வேண்டாம். ஜெகதளா என்னும் படகர் ஊரின் பெயரால் வழங்கிய படைவீட்டை வெலிங்டன் ஆக்கியது அவர்களே. தொதவரின் மேய்ச்சல் நிலமாகிய பரந்த புல்வெளிக்குச் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபுவின் பெயரைச் சூட்டி, 'டவுன்ஸ்' என்னும் தம் நாட்டுச் சொல்லையும் ஒட்டினார்கள். தென்னிங்கிலாந்தில் ஆடு மேயும் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு வழங்கும் சொல் அது. தாயகத்தின் பெயரை வைத்தபின் தாயகத்தின் பழக்கங்களும் வந்தன: வேட்டைநாய்களோடு குதிரைச் சவாரி, கோல்ஃப் மைதானம். பின்னர் அதே புல்வெளிகள் மரமற்ற வெற்றுநிலம் என்று கணக்கிடப்பட்டு, ஆஸ்திரேலிய வாட்டிலும் யூகலிப்டஸும் நடப்பட்டன. வெள்ளையர் தொடங்கியதை விடுதலைக்குப் பின் நாமும் பெருமளவில் தொடர்ந்தோம். புல்லும் சோலையும் சேர்ந்தே ஒரு காடு என்பதை மேய்த்தவன் அறிவான். அவன் சொல் ஏட்டில் இல்லை. இன்று அந்த ஆஸ்திரேலிய மரத்தின் எண்ணெயைத்தான் நாம் 'நீலகிரித் தைலம்' என்கிறோம். மலையின் புல்லை அழித்த மரத்துக்கு மலையின் பெயரையே கொடுத்த பெருந்தன்மை வேறெந்த நாட்டிலாவது உண்டா?

சோலை என்றோம். மலைமடிப்புகளில் நீரோடையைத் தழுவி அடர்ந்து நிற்கும் குறுங்காட்டுக்கு நம் சொல் அது. ஆங்கில அறிவியலார் அதைக் கடன்பெற்று 'ஷோலா' என்றனர். இப்போது நம் நாளிதழ்கள் 'ஷோலா காடுகள்' என்று எழுதுகின்றன. தன் வீட்டுப் பிள்ளை வெளியூர் போய்த் திரும்பியதும் அடையாளம் தெரியாமல் விருந்தினராக உபசரிக்கும் குடும்பம் நம்முடையது.

இன்னொரு பெயர் நகைப்புக்குரியதன்று. குந்தா மலைப்பகுதியில் 'அவலாஞ்சி' என்றோர் இடம் உண்டு, அணையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே நேர்ந்த பெரிய மண்சரிவைக் கண்டு ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. பெயரே எச்சரிக்கை. நாம் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு பொருளைக் கீழே போட்டோம்; அவலாஞ்சி என்றால் ஏதோ பெண்பெயர்போல் இனிமையாகக் காதில் விழுகிறது. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி மலை சரிந்தபோது, செய்தி வாசித்தவர்கள் வியந்தார்கள். வியக்க என்ன இருக்கிறது? அந்த இடத்தின் பெயரே சரிவு.

இனி நம்மை நோக்கி எழக்கூடிய மறுப்புகளை எடுத்துக்கொள்வோம்.

'பெயர்கள் மாறுவது இயல்பு. எல்லாவற்றையும் தோண்டினால் எங்கே நிற்பது?' என்பர். மாறட்டும். வாயில் தேய்ந்து மாறுவதை நாம் எதிர்க்கவில்லை. அரசாணையால் மாற்றிவிட்டு, மாற்றியதை 'மீட்பு' என்று சொல்வதையே எதிர்க்கிறோம். 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்ற ஆணையிட்டுச் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. அப்போது நடந்த விவாதம் முழுவதும் எழுத்தைப் பற்றியது. எந்த எழுத்தை இரட்டிப்பது, எங்கே 'எச்' போடுவது என்று அறிஞர்கள் சண்டையிட்டனர். 'இந்தச் சொல் யாருடையது?' என்ற வினா நம் செவிக்கு எட்டிய வரையில் எழவில்லை.

'தொதவமும் கோத்தமும் கொச்சைத் தமிழ்தானே. தமிழாக்கினால் என்ன குற்றம்?' என்பர். கால்டுவெல் 1856இலேயே இவ்விரண்டையும் திராவிட மொழிக் குடும்பத்தின் தனி உறுப்பினர்களாகக் கணக்கில் கொண்டார். 1930களில் மலையில் தங்கி ஆய்ந்த எமனோ, கோத்தர் கதைகளையும் தொதவர் பாடல்களையும் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். தமிழ் எழுத்தில் அடங்காத ஒலிகள் நிறைந்த மொழி தொதவம். தம்பியைத் தம்பி என்று ஏற்பது உறவு; தம்பிக்குத் தனி வாயே கிடையாது என்பது உறவன்று. இந்தியைப் பற்றி நாம் எழுப்பும் ஒவ்வொரு நியாயமும், மலையேறியதும் நமக்கு எதிராகவே திரும்பி நிற்கிறது. அதைக் காணாததுபோல் நடிப்பது மொழிப்பற்று ஆகாது.

'இரண்டாயிரம் பேருக்காக ஒரு மாவட்டமே பெயர் மாற வேண்டுமா?' என்பர். 2011 கணக்கெடுப்பில் தொதவர் ஏறத்தாழ அவ்வளவுதான். எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் உலகத் தட்டில் தமிழின் எடை என்ன என்று நாமும் ஒருநாள் கேட்கப்படுவோம். அன்று சொல்வதற்கு விடை வேண்டாமா?

'பெயரில் என்ன இருக்கிறது, வயிற்றுப்பாட்டைப் பாருங்கள்' என்பார் கடைசியாக வருவர். பெயரில்தான் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்கான விதிகள், உரிமை கோருவோர் காட்டக்கூடிய சான்றுகளில் வழிபாட்டிடங்களையும் இடுகாடுகளையும் மூத்தோரின் வாய்மொழியையும் சேர்த்திருக்கின்றன. ஒரு முதியவர் வந்து, 'இன்ன சரிவில் எங்கள் எருமைகள் மேய்ந்தன, இன்ன ஓடையருகே எங்கள் பால்மனை இருந்தது' என்று தம் மொழிப் பெயர்களால் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலர் வரைபடத்தைப் பார்க்கிறார். அங்கே ஓர் ஆளுநர் பெயரும், ஒரு திட்டத்தின் எண்ணும், ஒரு வடசொல்லும்தான் இருக்கின்றன. முதியவர் சொன்ன இடம் வரைபடத்தில் 'இல்லை'. நிலத்தைப் பறிக்கப் படை வேண்டியதில்லை. பெயரைப் பறித்தால் போதும். தொதவர் பாடல்களில் மலையும் மந்தும் ஓடையும் இணை இணையாகப் பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றன. நம் பார்வையில் அது நாட்டார் இலக்கியம். அவர்களுக்கு அதுவே நில ஆவணம். தருண் சாப்ரா 2015இல் வெளியிட்ட தொதவர் நிலவெளி குறித்த நூல், அத்தகைய இடங்களையும் பெயர்களையும் மலைமலையாக நடந்து பதிவு செய்திருக்கிறது. அந்த நடையை நடந்தது தமிழ்த்துறை எதுவும் அன்று.

அப்படியானால் என்ன செய்யச் சொல்கிறீர் என்று கேட்கலாம். ஊட்டி என்பதை வைத்துக்கொள்ளுங்கள், உதகை என்பதையும் வைத்துக்கொள்ளுங்கள். பழகிய வாய் ஒரே நாளில் மாறாது. ஆனால் பெயர்ப்பலகையில் மந்தும் ஏறட்டும். நீலமலையின் ஒவ்வோர் ஊருக்கும் ஓடைக்கும் சிகரத்துக்கும் தொதவர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், படகர் என்ன பெயர் வழங்குகின்றனர் என்பதை அவர்களையே கேட்டுத் தமிழெழுத்தில், வேண்டிய குறிகளோடு, பதிவு செய்யும் பணியை அம்மலையின் அடிவாரக் கல்லூரிகள் எடுத்துக்கொள்ளட்டும். 'தொட்டபெட்டா' என்றாலே பெரிய மலை என்று பொருள். 2,637 மீட்டர் உயர்ந்து நிற்கும் அதற்குத் தமிழ்ப்பெயர் கண்டுபிடிக்கும் ஆசையை அறிஞர்கள் அடக்கிக்கொள்ளட்டும். மின்வாரியத்தாரைப் பாருங்கள்: அவர்கள் ஓர் அணைக்குப் போர்த்திமந்து என்று பெயர் வைத்து, அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். பொறியாளர் காத்த மந்தைப் புலவர் காக்கவில்லை.

நமக்கும் இதில் பங்குண்டு, மறைப்பதற்கில்லை. இருபதாண்டுகளாகக் குறிஞ்சித்திணை நடத்துகிறோம். கருப்பொருள் என்ன, உரிப்பொருள் என்ன என்று பட்டியல் சொல்லியே ஓய்ந்திருக்கிறோம். வகுப்பறையின் மூன்றாவது வரிசையில் மலையிலிருந்தே வந்த ஒருவன் உட்கார்ந்திருந்தான்; அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவன் கேளாமலே சொன்ன ஒரே விடைக்கும் சுழியம் இட்டோம்.

அந்த விடைத்தாள் எப்போதோ பழைய தாள்காரனிடம் போயிருக்கும். பட்டியலில் ஏறிய மதிப்பெண்ணையும் இனித் திருத்த இயலாது. அவன் இப்போது எங்கிருக்கிறான் என்பதும் தெரியாது. இந்தப் பக்கத்தை அவன் படிக்க நேர்ந்தால் இதை மட்டும் சொல்லிக்கொள்கிறோம்: தம்பி, அங்கே இருந்தது மந்துதான். நீ எழுதியதே சரி.